“அறிக்கையில்தான் எழுதியிருக்கிறோமே” என்று சொல்லும் வீட்டு ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடு வாங்குபவர்களுக்காகக் கட்டடத்தைச் சோதித்து அறிக்கை தரும் பொறியாளர்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும்,

நான் கொடுத்த புகாருக்கு உங்களில் ஒரு நிறுவனம் அனுப்பிய பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. “தாங்கள் குறிப்பிடும் குறைபாடு எங்கள் அறிக்கையின் 31-ஆம் பக்கத்தில் பதிவு செய்யப்பட்டுள்ளது. அதன் மீது நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு வாங்குபவரையே சாரும். இத்துடன் இப்புகார் முடித்து வைக்கப்படுகிறது.” பதில் முழுவதும் இவ்வளவுதான்.

31-ஆம் பக்கத்தில் பதிவு இருந்தது உண்மை. வீட்டுக்கு ஒப்பந்தம் போடும் முன்பே அந்தப் பக்கத்தை நான் படித்தேன். என் கணவர் படித்தார். எந்தப் பத்திரத்தையும் வரி விடாமல் படிக்கும் பழக்கமுள்ள என் அண்ணனும் படித்தார். அந்த வீட்டின் மேல்தளக் கம்பி துருப்பிடித்து உரிந்துகொண்டிருக்கிறது என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் புரியவில்லை. புரியும்படி அது எழுதப்படவில்லை. என் குற்றச்சாட்டு இது ஒன்றுதான். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் வைக்கிறேன், ஏனென்றால் அந்த அறிக்கையைப் பார்த்த வேறு சில ஆய்வாளர்களும் “எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம்” என்றார்கள்.

அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மேலே ஒரு புகைப்படம். வெள்ளைப் பரப்பு, நடுவில் பழுப்பாக ஒரு கறை. எந்த அறை, எந்த மூலை என்று கிடையாது. கறை உள்ளங்கை அகலமா, கதவு அகலமா என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் ஒரு அளவு நாடா, ஒரு பேனா, எதுவும் இல்லை. கீழே இரண்டு வாக்கியங்கள்: “தளத்தின் அடிப்பகுதியில் ஆங்காங்கே ஈரத்தடங்களும் லேசான பூச்சு உதிர்வும் காணப்படுகின்றன. தேவைப்படின் தகுதிவாய்ந்த நிபுணரின் மதிப்பீட்டைப் பெறலாம்.” இதற்கு முந்தைய பதிவு, படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்பது. அடுத்த பதிவு, சமையலறை சன்னலின் கொசுவலை கிழிந்திருக்கிறது என்பது. மூன்றுக்கும் ஒரே எழுத்தளவு, ஒரே அளவில் படம், ஒரே தொனி. இன்னும் சொல்லப்போனால் தாழ்ப்பாளுக்கு “சரிசெய்யப்பட வேண்டும்” என்று அழுத்தமாகவே எழுதியிருந்தது. தளத்துக்குத்தான் “தேவைப்படின்”.

குடியேறிய பிறகு, கூடத்தில் மின்விசிறியை இடம் மாற்றி மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றினார். பலகையோடு சேர்ந்து கான்கிரீட் துண்டுகள் இறங்கின. அன்றைக்கு விழுந்தவை அல்ல. மேலே தூசி படிந்து, ஓரம் மழுங்கிக் கிடந்த பழைய துண்டுகள். டார்ச் அடித்துப் பார்த்தபோது தளத்தின் அடியில் கம்பி வெளியே தெரிந்தது. ஏடு ஏடாக உரிந்து, நடுவில் பென்சில் பருமன்கூட மிச்சமில்லாமல் இருந்தது. அவர் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டியதும் ஒரு பெரிய செதில் பெயர்ந்து ஏணியின் மேல் விழுந்தது. ஏணியை மடக்கி வைத்துவிட்டு, “மொதல்ல இதப் பாருங்க, ஃபேன் அப்புறம் மாட்டிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பிள்ளைகள் படுத்துத் தூங்கிய இடம் அது.

உங்கள் படத்தில் இருந்த பழுப்புக் கறை, ஃபால்ஸ் சீலிங் முடிந்து தளம் வெளியே தெரியும் விளிம்பில் இருந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதாவது ஆய்வாளர் பார்த்தது பாதிப்பின் ஓரத்தை. மீதி முழுக்க ஜிப்சம் பலகைக்குப் பின்னால். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், “மறைக்கப்பட்ட பகுதிகள் இந்த ஆய்வுக்கு உட்பட்டவை அல்ல” என்று ஒரு வரி இருந்தது. 31-ஆம் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. “கறை ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகிறது. உள்ளே என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.” இந்த மூன்று வாக்கியங்களை எழுத எத்தனை நேரம் ஆகியிருக்கும்? இவற்றை முதல் பக்கத்தில் போட்டிருந்தால் நாங்கள் பலகையைக் கழற்றச் சொல்லியிருப்போம். விற்றவர் மறுத்திருந்தால் அந்த மறுப்பே எங்களுக்குப் பதிலாக இருந்திருக்கும்.

அப்புறம் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்தோம். அவர் செய்த வேலையையும் சொல்லிய விதத்தையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது முடியாத காரியம் என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது. சிறு சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘கிண்’ணென்றும், உள்ளே பிளந்த இடத்தில் பொள்ளலாகவும் சத்தம் வந்தது. பொள்ளல் கேட்ட இடங்களைச் சாக்பீஸால் சுற்றிக்கொண்டே வந்தார். முடிவில் கூடத்தில் பாதிக்குமேல் வட்டங்களாக இருந்தது. ஒரு ஓரத்தில் கான்கிரீட்டைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் ஒரு திரவத்தைத் தெளித்தார். ஃபினால்ஃப்தலீன் என்று பெயராம். உள்புறம் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறியது. வெளிப்புறம், கம்பி இருக்கும் ஆழம் வரை, நிறமே மாறவில்லை.

பிறகு என் மாமியாரை உட்காரவைத்து விளக்கினார். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அதன் பிஹெச் 12-க்கும் 13-க்கும் நடுவில் இருக்கும், அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கிறது. 9-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் காப்பு போய்விடும். அதற்குமேல் ஈரமும் சேர்ந்தால் துரு. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெம்பிக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். பெயர்ந்த இடத்தில் காற்றும் ஈரமும் இன்னும் சுலபமாகப் போகும். அதனால் இது தானாக நிற்காது, போகப் போக வேகமாகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “அம்மா, முட்டுக் கொடுக்கிற வரைக்கும் இந்தக் கூடத்துல யாரும் படுக்க வேண்டாம். முட்டு நாளைக்கே வந்துடணும்” என்றார். எழுபது வயதைத் தாண்டிய, கட்டட வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத என் மாமியாருக்கு எல்லாம் புரிந்தது. அன்றே பாயைச் சுருட்டி உள்ளறைக்கு எடுத்துப் போனார்.

இந்த அறிவெல்லாம் முதலில் வந்த ஆய்வாளருக்கும் உண்டு. துருக்கறைக்கும் வெறும் நீர்க்கறைக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை அவர். இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. பிரச்சினை வெடித்த பிறகு வீட்டுத் தரகரிடம் பேசினோம். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “ஆமாங்க, அன்னைக்கே எனக்குப் போன் பண்ணி, தளத்துல கொஞ்சம் பெரிய வேலை இருக்கும் போலன்னு சொன்னாரு. நான் விற்கிறவர்கிட்டயும் சொல்லிட்டேன்.” ஆய்வுக் கட்டணம் கட்டியது நாங்கள். அந்த வீட்டில் வாழப்போவது நாங்கள். தெளிவான வார்த்தை போனில் தரகருக்குப் போனது, அவர் மூலம் விற்பவருக்கும் போனது. மழுப்பலான வார்த்தை அச்சில் எங்களுக்கு வந்தது. இதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

உங்கள் பக்கத்துச் சிரமங்கள் தெரியாமல் பேசவில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் வீடு முழுக்கப் பார்க்க வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டில் பீரோவை நகர்த்த முடியாது, சுவரை உடைக்க முடியாது. அடுத்த வேலையைத் தரகர் தர வேண்டியிருக்கிறது; வியாபாரத்தைக் கெடுக்கிற ஆள் என்று பெயர் வாங்கினால் பிழைப்பு போய்விடும். அழுத்தமாக எழுதி, அது தவறாகிப்போனால் விற்பவர் நோட்டீஸ் அனுப்புவார். எல்லாம் சரி. ஆனால் இந்தச் சங்கடங்களையெல்லாம் சேர்த்து ஒரு வாக்கியத்துக்குள் அடக்கி, அதை வாங்குபவரின் தலையில் இறக்கி வைப்பது எப்படி நியாயமாகும்? நீங்கள் பார்த்தீர்கள், நாங்கள் பார்க்கவில்லை. உங்கள் கண்ணுக்குத்தான் நாங்கள் பணம் கொடுத்தோம்.

“வாய்ப்பு உள்ளது”, “இருக்கக்கூடும்”, “கவனிக்கத்தக்கது” போன்ற சொற்களின் ஆபத்து உங்கள் துறைக்கு வெளியே எப்போதோ கண்டுகொள்ளப்பட்டது. அமெரிக்க உளவுத்துறையில் 1951-ல் ஒரு மதிப்பீடு தயாரித்தார்கள். யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்கக் கணிசமான சாத்தியம் உண்டு என்று அதில் எழுதினார்கள். பிறகு ஷெர்மன் கென்ட் என்ற அதிகாரி, அதைச் சேர்ந்து எழுதிய சக ஊழியர்களிடமே, ‘கணிசமான சாத்தியம்’ என்று நீங்கள் நினைத்தது நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார். ஒருவர் 20 என்றார், ஒருவர் 80 என்றார். மற்றவர்கள் நடுவில் எங்கெங்கோ நின்றார்கள். 1964-ல் இதை அவரே ஒரு கட்டுரையில் பதிவு செய்தார். கூடி உட்கார்ந்து எழுதிய நிபுணர்களுக்குள்ளேயே இந்த நிலைமை என்றால், வாழ்நாளில் ஒரே ஒரு வீடு வாங்கும் குடும்பம் உங்கள் ‘தேவைப்படின்’ என்பதை எப்படிப் படிக்கும்? தரகர் என்ன சொல்கிறாரோ அப்படித்தான் படிக்கும். எங்கள் தரகர், “எல்லா ரிப்போர்ட்லயும் இப்படித்தான் எழுதுவாங்க சார், அவங்க சேஃப்டிக்கு” என்றார். நாங்கள் நம்பினோம். பக்கத்திலேயே கொசுவலை இருந்ததே, நம்பாமல் என்ன செய்வது?

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. என் தோழியின் குடும்பம் ஒரு நல்ல வீட்டைக் கைவிட்டது. அவர்களுக்கு வந்த அறிக்கையில் எங்கே பார்த்தாலும் சிவப்பு வட்டம். பெரும்பாலும் பூச்சில் விழுந்த மயிரிழை விரிசல்கள். பூச்சு காயும்போது சுருங்குவதால் வருபவை, வண்ணம் பூசும்போது பட்டி போட்டால் மறைந்துவிடும். அதோடு வெப்பப் படக்கருவியில் எடுத்த நீலப் படங்கள் வேறு; நீலமாக இருந்த இடமெல்லாம் தண்ணீர் என்று அவர்கள் பயந்துவிட்டார்கள். அந்தக் கருவி தண்ணீரைப் பார்ப்பதில்லை, பரப்பின் வெப்பநிலையை மட்டுமே பார்க்கிறது. குளிர்ச்சியாக இருக்கும் இடம் ஈரமாக இருக்கலாம், நிழலாகவோ காற்று படும் இடமாகவோகூட இருக்கலாம், ஈரமானி வைத்துப் பார்த்தால்தான் உறுதி. இதை அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அவர்களைத் துரத்தியதும் எங்களை உள்ளே இழுத்துவிட்டதும் ஒரே பழக்கம்தான்: கண்டதையெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டி, பிரித்துக்கொள்வது வாங்குபவரின் பாடு என்று விட்டுவிடுவது.

விரிசலுக்கென்று உலகத்தில் அளவு இல்லாமல் இல்லை. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 251-ஆம் இலக்கக் கையேடு, சுவர் விரிசல்களை 0 முதல் 5 வரை ஆறு வகையாகப் பிரிக்கிறது. 0.1 மி.மீ.க்குக் குறைந்தது கணக்கிலேயே சேராது. 1 மி.மீ. வரை வண்ணம் பூசும்போது சரிசெய்துகொள்ளலாம். 5 மி.மீ.யைத் தாண்டினால் கொத்தனார் வந்து பிரித்துக் கட்ட வேண்டிவரும், கதவு சன்னல் இறுக ஆரம்பிக்கும். 25 மி.மீ.யைத் தாண்டினால் கட்டடத்தின் நிலைப்பாட்டுக்கே ஆபத்து. அகலம் மட்டும் போதாது, எத்தனை விரிசல், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் அந்தக் கையேடு சொல்கிறது. எங்கள் அறிக்கையில் ‘விரிசல்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒரு இடத்தில்கூட மி.மீ. இல்லை.

இன்னொன்று, ஆபத்தும் செலவும் ஒன்றல்ல. அறிக்கை எழுதும்போது நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறீர்கள், அல்லது இரண்டையும் சொல்லாமல் விடுகிறீர்கள். குளியலறை ஹீட்டருக்கு எர்த் இணைப்பு இல்லாமல் இருப்பது உயிரை எடுக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு நாள் வேலை. கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய மின்பலகையும் அப்படித்தான். இவற்றுக்காக யாரும் வீட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, குடிபோகும் முன் மாற்றிக்கொண்டால் போதும். சுவரில் ஓதம் ஏறி அடியில் உப்புப் பூத்திருப்பது இன்றைக்கு யாரையும் கொல்லாது, ஆனால் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாவிட்டால் எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும், பணத்தைத் தின்றுகொண்டே இருக்கும். கூடத்துச் சுவரில் பார்க்கவே பயங்கரமாக இருக்கும் ஒரு கோடு, தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் வருகிற சாதாரண விரிசலாக இருக்கலாம். தளக்கம்பித் துரு ஆபத்து, செலவு இரண்டிலும் பெரியது, தள்ளிப்போட்டால் இரண்டும் கூடும். வாங்குபவருக்கு வேண்டியது இந்தப் பிரிவினைதான். வீட்டையே விட்டுவிட வேண்டியது எது, விலையைக் குறைத்துக் கேட்க வேண்டியது எது, குடிபோகும் முன் முடிக்க வேண்டியது எது, வருஷம் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்பது எது? இந்தக் கேள்விகளுக்கு எங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை.

மற்ற இடங்களில் இதைச் செய்கிறார்கள். பிரிட்டனின் பட்டயச் சர்வேயர்கள் கழகமான ஆர்.ஐ.சி.எஸ்., வீட்டு ஆய்வு அறிக்கையில் ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3 என்று எண் கொடுக்கச் சொல்கிறது. 3 என்றால் கடுமையானது, அல்லது உடனே சரிசெய்யவோ விசாரிக்கவோ வேண்டியது. பார்க்க முடியாத பகுதிக்கு எண் கொடுக்காமல் ‘ஆய்வு செய்யப்படவில்லை’ என்று தனியாகக் குறிக்க வேண்டும். ஆஸ்திரேலியத் தர நிர்ணயமான ஏ.எஸ். 4349.1, பெருங்குறை, சிறுகுறை, பாதுகாப்பு அபாயம் என்று பிரிக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில உரிமம் பெற்ற ஆய்வாளர்களின் படிவத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் நான்கு கட்டங்கள்: பார்த்தேன், பார்க்கவில்லை, இங்கே அது இல்லை, குறை உள்ளது. எனக்கு அந்த இரண்டாவது கட்டம் மிகவும் பிடித்திருக்கிறது. பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எங்கள் அறிக்கையில் ‘கூடம், மேல்தளம்’ என்பதற்கு நேராக அப்படி ஒரு குறி இருந்திருந்தால், நான் அன்றே ஏணி கேட்டிருப்பேன்.

கடைசிப் பக்கப் பொறுப்புத் துறப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.  அப்போது பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1989-ல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு பெண்மணி வாங்கிய வீட்டில், உள்ளே அறைகளில் புகைபோக்கியின் அடிப்பகுதியை முன்பே இடித்து எடுத்திருந்தார்கள். வீட்டைப் பார்த்த சர்வேயர் அதைக் கவனித்தார். ஆனால் மேலே மிச்சமிருந்த செங்கல் கட்டுமானத்துக்குத் தாங்கல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அவசியமான பழுது எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். ஒன்றரை ஆண்டு கழித்துப் புகைபோக்கிச் செங்கற்கள் கூரையைப் பிளந்துகொண்டு படுக்கையறைக்குள் விழுந்தன. அறிக்கையில் பொறுப்புத் துறப்பு வாசகம் இருந்தது. ஆனாலும் சாதாரண வீடு வாங்கும் ஒருவர் அந்த அறிக்கையை நம்பித்தான் வாங்குவார் என்பது சர்வேயருக்குத் தெரியும், ஆகவே அந்த வாசகம் நியாயமானதல்ல, செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு, தெரியும். நான் இங்கே சட்டம் பேச வரவில்லை. கவனித்ததை இறுதிவரை தொடர்ந்து போகாமல் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்தச் சர்வேயரின் கண் சரியாகவே பார்த்தது. எங்கள் ஆய்வாளரின் கண்ணும்தான்.

அறிக்கை எப்போது வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் இரவு, மின்னஞ்சலில், தரகர் அனுப்பிய பிரதியாக வந்தது. ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், அலுவலக எண் மட்டும் இருந்தது. காலையில் எடுத்தவர், “கேள்விகளை மெயிலில் அனுப்புங்கள், மூன்று வேலைநாளில் பதில் வரும்” என்றார். பதில் வரும்போது நாங்கள் முன்பணம் கொடுத்து முடித்திருந்தோம்.

இனி உங்களிடம் நான் கேட்பவை.

முதல் பக்கத்தை எங்களுக்குத் தாருங்கள். முகப்பு, உங்கள் முத்திரை, விருதுகள், வாடிக்கையாளர் பாராட்டு எல்லாம் பின்னால் போகட்டும். முதல் பக்கத்தில், வாங்குவதா வேண்டாமா என்ற முடிவையோ விலையையோ மாற்றக்கூடிய குறைகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த அறையில், எவ்வளவு பெரிதாக, காரணம் என்னவென்று நீங்கள் நினைக்கிறீர்கள், அப்படியே விட்டால் என்ன நடக்கும், எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். அப்படிப்பட்ட குறை ஒன்றும் இல்லையென்றால் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுங்கள். தாழ்ப்பாளும் கொசுவலையும் பின்னால் ஒரு பட்டியலில் இருந்தால் போதும்.

பார்க்க முடியாத இடங்களை அதே முதல் பக்கத்தில், அறை அறையாக, ஏன் பார்க்க முடியவில்லை என்ற காரணத்தோடு எழுதுங்கள். பார்த்த ஒரு குறை, பார்க்காத ஒரு இடத்துக்குள் போகிறது என்றால் அதைத் தனியே எடுத்துச் சொல்லுங்கள். நான் கேட்பவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் ஏற்பீர்கள் என்றால், இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

‘தகுதிவாய்ந்த நிபுணர்’ என்று எழுதாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரா, எலெக்ட்ரீஷியனா, பிளம்பரா, கரையான் மருந்து அடிப்பவரா என்று சொல்லுங்கள். அவர் எந்தச் சோதனையைச் செய்து எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லுங்கள். ‘தேவைப்படின்’ என்ற சொல்லை உங்கள் படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். தேவையா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களிடம் வருகிறோம்.

படம் எடுக்கும்போது முதலில் அறை முழுவதும் தெரிய ஒன்று, பிறகு கிட்டத்தில் அளவு நாடாவோடு ஒன்று எடுங்கள். விரிசலுக்கு மி.மீ. எழுதுங்கள். வெப்பப் படம் போட்டால் அந்த இடத்தில் ஈரமானி காட்டிய அளவையும் போடுங்கள்.

அறிக்கை கட்டணம் கட்டியவருக்கு முதலில் வரட்டும். எங்கள் அனுமதி இல்லாமல் தரகரிடமோ விற்பவரிடமோ ஒரு வார்த்தையும் போகக் கூடாது. பெரிய குறை கண்டால் அன்றைக்கே, ஆய்வு செய்தவரே, எங்களைப் போனில் கூப்பிட்டுச் சொல்லட்டும். முடிந்தவரை ஆய்வு நேரத்தில் எங்களையும் வரச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் புரியும் மொழியில் சொல்லுங்கள். ஒப்பந்தத் தேதிக்கு முன் கேள்வி கேட்டுப் பதில் பெற அவகாசம் இல்லாத வேலையை ஏற்காதீர்கள்; ஏற்றால் அந்த அவகாசக் குறைவையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆய்வாளர்களுக்குப் பயிற்சி நடத்தும் சங்கங்களுக்கு: அந்த 31-ஆம் பக்கத்தையும், பின்னர் வந்த கட்டமைப்புப் பொறியாளரின் ஒரு பக்கக் குறிப்பையும், பெயர்களை நீக்கிவிட்டுத் தரத் தயாராக இருக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் இரண்டையும் கொடுத்து, வாங்குபவர் எதைப் படித்து என்ன புரிந்துகொள்வார் என்று கேட்டுப்பாருங்கள். அறிக்கையை அனுப்பும் முன், கட்டடத் தொழில் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து ‘இந்த வீட்டில் பெரிய குறை என்ன?’ என்று கேட்கும் வழக்கத்தை விதியாகவே கொண்டுவாருங்கள்.

எங்கள் வீட்டை ஆய்வு செய்த நிறுவனத்துக்கு: புகாரை மீண்டும் திறக்க வேண்டும். அன்று எடுத்த எல்லாப் படங்களையும், அறிக்கையில் சேர்க்காமல் விட்டவற்றையும் சேர்த்து, தேதி மாறாத மூலக் கோப்புகளாக எங்களுக்குத் தர வேண்டும். ஆய்வாளர் தன் கையால் எழுதிய குறிப்புகளின் நகலும் வேண்டும். பாதிப்பு எவ்வளவு வேகமாகப் பரவியது என்று கணக்கிட எங்கள் பொறியாளருக்கு அவை தேவைப்படுகின்றன. தரகரிடம் போனில் சொன்னது என்ன, அதை எங்களிடம் சொல்லாததற்குக் காரணம் என்ன என்பதற்கு எழுத்துமூலம் பதில் வேண்டும், ஆய்வு செய்தவரின் கையெழுத்தோடு.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கையை முழுவதும் படித்துவிட்டு வீடு வாங்கிய ஒருவர்